அன்னம்மாளுக்குப் பாக்கி பதினொன்றரைக் கட்டை

ஸ்டானிஸ்லாஸ் முப்பது கட்டையை ஒன்றரை நாளில் நடந்து முடித்துவிட்டார் என்று ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு பேச்சு உண்டு.

மைல்கல்லைக் கட்டை என்று சொல்லிப் பழகி, பிறகு மைலையே கட்டை என்று சொல்லத் தொடங்கிய ஊர் இது. முப்பது கட்டை என்றால் முப்பது மைல். நடந்ததாகச் சொல்லப்படுகிறவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மாடிப்படி ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் முனகுகிற வலது முட்டி. மூன்று நாள் ஆகும் என்று அவரே ஒன்பது மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்ட நடை அது.

கோப்பிக் கடையில் கேட்டால், புனித அன்னம்மாள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனாள் என்றார்கள். முடிவெட்டும் கடையில் ஒரு படி மேலே போய், அவர் கால் தரையில் படவே இல்லை என்றார்கள். எதையும் சந்தேகப்படுவதே படிப்பு என்று நினைக்கிற சிலர், செமோர் தாண்டியதும் லோரியில் ஏறிவிட்டார் என்றார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் லோரி இல்லை. கால் தரையில் பட்டதற்கு அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தின் தேய்ந்த குதிகால் சாட்சி. அற்புதம் ஒன்று நடந்தது மட்டும் உண்மை. அது நடையில் நடக்கவில்லை.

கதை 1981-இல் ஸ்டானிஸ்லாஸின் மனைவி ஐவியின் கழுத்திலிருந்து தொடங்குகிறது. ஐவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மெஷின் நின்ற பிறகும் அதே சத்தத்தில் பேசுபவர். அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. நரம்பு அசந்து கிடக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

மூன்று மாதம் வீட்டில் பேச்சில்லை. ஐவி தையல் சாக்பீஸை எடுத்து, மெஷின் மேல் விரித்திருந்த கறுப்புத் துணியில் எழுதிக் காட்டினார். ஸ்டானிஸ்லாஸ் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் ஆணியும் திருகாணியும் எண்ணிக் கொடுக்கிறவர். நாள் முழுக்க எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, "மீன் வாங்கினீங்களா இல்லையா?" என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராத வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே அவருக்குத் தயக்கமாக இருந்தது. இருபத்தாறு வருடமாக அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

ஒரு நாள் கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மண்டியிட்டு நேர்ந்துகொண்டார். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருநாளுக்கு ஈப்போவிலிருந்து பஸ்ஸில்தான் போவார்கள். ஏறக்குறைய நூறு கட்டை. "இவளுக்குக் குரல் வந்துட்டா நடந்து வரேன் தாயே" என்று ஆரம்பித்தார். முட்டி ஞாபகம் வந்தது. "பத்துக் கட்டை" என்றார். கஞ்சத்தனமாகப் பட்டது. "முப்பது. மிச்சத்துக்கு பஸ்."

பதினோராவது நாள் காலையில் அவர் பசியாறிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"சோறு அடி பிடிக்குது, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் எழுந்து அடுப்பை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். சோறு கரியாகிப் போனது. கரிந்த சோற்றுக்கும் சேர்த்து ஐவி திட்டினார். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஸ்டானிஸ்லாஸ் நேர்ந்துகொண்ட விஷயத்தைச் சொன்னார்.

"முப்பதா? யாரக் கேட்டு முப்பது சொன்னீங்க?"

"உன்னக் கேக்க முடியல. நீதான் பேசலியே."

"எழுதிக் காட்டியிருப்பேன்ல? உங்க முட்டிக்கு மூணு போதாது?"

"சொன்னது சொன்னதுதான். குறைச்சா..." என்று அவர் ஐவியின் கழுத்தைப் பார்த்தார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அவருடைய பயம் அதுதான். அந்தக் குரலை அன்னம்மாள் கொடுத்துவிடவில்லை, முன்பணமாகத் தந்திருக்கிறாள் என்று அவர் நம்பினார். ஒரு கட்டை குறைந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

அப்படித் தொடங்கியது திட்டம். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலே சிலுவை போட்டு, "நடை, ஜூலை 1982, மூன்று நாள், நாள் ஒன்றுக்குப் பத்துக் கட்டை" என்று எழுதினார். வாழ்நாளில் அதுவரை அவர் ஒரேயடியாக நடந்த அதிக தூரம் ஆயர் தாவாரில் வாலிபராக இருந்தபோது படம் பார்க்கப் போன நான்கு கட்டை. அதுவும் திரும்பி வரும்போது யாரோ சைக்கிளில் ஏற்றிக்கொண்டார்கள்.

பழக்கத்துக்காக வேலைக்கு நடந்தே போனார். வீட்டிலிருந்து தொழிற்சாலை மூன்று கட்டை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தார். கட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம். ஒரு வாரத்தில் முட்டி தேங்காய்போல வீங்கிவிட்டது. ஐவி கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுதான் மூணு. முப்பதுக்கு எவ்ளோ வீங்கும், கணக்குப் போட்டீங்களா?"

"பழகிட்டா சரியா போயிரும் லா."

"எது, முட்டியா நானா?"

அடுத்தது மூட்டை. நோட்டில் இரண்டு பக்கத்துக்குச் சாமான் பட்டியல்: கட்டிக்கொள்ளச் சாரம் இரண்டு, மழைச்சட்டை, டார்ச்லைட், கொசுவத்தி, நெத்திலிச் சம்பல், ரொட்டி, மைலோ, வெந்நீர்க் குடுவை, ஜெபமாலை, மெழுகுவத்தி பன்னிரண்டு, சுத்தியல். சுத்தியல் எதற்கு என்று ஐவி கேட்டார். எதற்கும் இருக்கட்டுமே என்றார் ஸ்டோர்காரர். மளிகைக் கடைத் தராசில் மூட்டையை வைத்தபோது முப்பது காத்தி, அதாவது பதினெட்டுக் கிலோ, காட்டியது. கடைக்காரர் காத்தியை விட்டுக் கிலோவுக்கு மாறாதிருந்த கடைசி மனிதர்களில் ஒருவர். "அண்ணே, இது நடந்து போற சாமான் இல்ல, வீடு மாத்துற சாமான்" என்றார். ஐவி அங்கேயே மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்தார். பத்துக் காத்தியில் வந்து நின்றது. மெழுகுவத்தி ஒன்றுதான் மிஞ்சியது.

கடைசியாகப் பாதை. பெரிய ரோட்டில் லோரிகள் பறக்கின்றன, அதில் நடக்கவே கூடாது என்று ஐவி உத்தரவு போட்டிருந்தார். அதனால் தோட்டத்துச் செம்மண் பாதைகளைக் கோத்து உள்ளுக்குள்ளேயே போகவேண்டும். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எது எவ்வளவு தூரம் என்று ஆயர் தாவார்காரருக்கு என்ன தெரியும்? அடுத்த வீட்டு ஜெயபாலன் முன்வந்தான். முப்பது வயது, செமோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன், ஒரு மாதத்துக்கு முன்புதான் புது ஜப்பான் மோட்டார் சைக்கிள் எடுத்தவன். அதை ஓட்டிக் காட்ட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான்.

"எதுக்குண்ணே மண்டைய ஒடைச்சிக்கிறீங்க? மோட்டார்ல மீட்டர் இருக்கு. போயி அளந்துட்டு வந்துருவோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். ஸ்டானிஸ்லாஸ் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி, செம்பனைக்குள் புகுந்து, ஈயம் தோண்டிய பழைய ஈயலம்பத்துக் குட்டையைச் சுற்றி ஓடியது பாதை.

"பத்துக் கட்டை ஆச்சுண்ணே" என்று ஜெயபாலன் நிறுத்திய இடத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம் இருந்தது. பாதி வீடுகள் காலி. மீதியில் ஒன்றில் பெரியநாயகம் அக்கா இருந்தார், ஐவிக்கு ஒன்றுவிட்ட சகோதரி, பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். முதல் இரவுக்கு இடம் கிடைத்தது. இருபதாவது கட்டை காந்தானில். அங்கே கோயில் மடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பார்த்துக்கொள்கிற சன்னாசி சொன்னார். முப்பதாவது கட்டை சுங்கை சிப்புட் டவுனில், சரியாக ஒரு கோப்பிக் கடை வாசலில் முடிந்தது. கோயில் பஸ் சனிக்கிழமை சாயங்காலம் அந்த வழியாகத்தான் போகும். அங்கேயே ஏறிக்கொள்ளலாம்.

"பாத்தியா, அன்னம்மா எவ்ளோ பொருத்தமா வச்சிருக்கா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

திரும்பி வந்ததும் ஜெயபாலன் மோட்டாரை வாசலில் நிறுத்தி ஐவியை அழைத்தான்.

"அக்கா, வந்து பாருங்க. எல்லாம் இந்த மீட்டர்தான். சும்மா ஊசி மாதிரி சொல்லுது."

ஐவி பித்தான் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்து மீட்டருக்கு மேல் குனிந்தார். ஊசியில் நூல் கோக்கிறவர் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"எண்ணெய் காயுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுப்பில் எண்ணெய் எதுவும் இல்லை என்பதை ஸ்டானிஸ்லாஸ் பிறகு கவனித்தார். தொண்டை வலிக்கிறதோ என்று அவருக்குக் கலக்கமாக இருந்தது. சீக்கிரம் நடந்து முடித்துவிட வேண்டும்.

ஜூலை மாதம் வியாழக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினார். ஐவி வாசல்வரை வந்து, மூட்டையின் வாரை இழுத்துச் சரிபார்த்து, "முடியலன்னா உக்காந்துருங்க. அன்னம்மாளுக்கும் மூட்டு இருக்கும், புரியும்" என்றார்.

பெரியநாயகம் அக்காவின் லயத்து வாசலில் அவர் போய் நின்றபோது மணி எட்டு ஐந்து. அக்கா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா, ராத்திரிக்குத்தான வரேன்னு சொன்ன? கோழி இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு."

ஸ்டானிஸ்லாஸ் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்துக் கட்டை, நூற்று ஐம்பத்தைந்து நிமிஷம். கட்டைக்குப் பதினைந்தரை. ஒன்பது மாதமாக இருபத்தைந்துக்கு ஒரு நிமிஷம் குறையாத கால்கள். முதல் இரவு தங்கவேண்டிய இடத்தில் அவர் பசியாறினார்.

"அக்கா, என்ன யாரோ தள்ளுறாங்க."

"தூங்காம வந்திருப்ப. கோப்பிய குடி."

அவர் தங்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் காந்தான் வந்துவிட்டது. நடுவில் மழைக்கு ஒதுங்கியதையும் சேர்த்துத்தான். முட்டி வலிக்கத்தான் செய்தது. ஆனால் அற்புதத்துக்கு நடுவில் வலியைப் பற்றிப் பேசுவது மரியாதையில்லை என்று அவர் அதை நோட்டில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்குச் சுங்கை சிப்புட் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, புந்தோங் மளிகைக் கடைக்குப் போன் போட்டார். எடுத்தது சாமான் வாங்க வந்திருந்த ஜெயபாலன். பேச்சு எப்படிப் பரவியது என்பதற்கு இதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

அன்று சாயங்காலமே ஐவி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ஸ்டானிஸ்லாஸ் வெந்நீர் வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரச் சீனர் தைலம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஐவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். தரையில் உட்கார்ந்து அவர் கால் கொப்புளங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"முப்பது, ஐவி. ஒன்னுகூட குறையல."

"ம்."

அந்த 'ம்' அவருக்கு விநோதமாக இருந்தது. ஐவியிடம் அவ்வளவு சின்ன வார்த்தையை அவர் கேட்டதில்லை.

மறுநாள் கோயில் பஸ்ஸில் ஏறினார்கள். புக்கிட் மெர்தாஜாமில் மெழுகுவத்தி ஏற்ற நீளமான வரிசை. இருவரும் சுரூபத்துக்கு முன்னால் வந்தபோது ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே சொன்னார்.

"தாயே, முப்பது கட்டையும் குடுத்துட்டேன். நீதான் தள்ளிக்கிட்டு வந்த. இனி இவ கொரலு இவளுக்கே."

பக்கத்தில் ஐவியின் கையிலிருந்த மெழுகுவத்தி ஆடியது.

"ஏங்க. முப்பது இல்லங்க."

அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்த மோட்டார்ல காட்டுறது கட்டை இல்ல. கிலோமீட்டரு. பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்துச்சு. துணிக்கடையில கெஜத்த மீட்டராக்கி எத்தன தடவ என்ன ஏமாத்தப் பாத்தானுங்க, எனக்குத் தெரியாதா? அன்னைக்கே பாத்துட்டேன். அந்தப் பையன் எது ஓடினாலும் கட்டைங்கிறான், நீங்களும் எழுதிக்கிட்டீங்க."

நாள் முழுக்கத் திருகாணி எண்ணுகிறவர் அங்கேயே விரலை மடக்கினார். பதினைந்தரை நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். தள்ளிய கையொன்று மெதுவாக முதுகை விட்டு விலகுவதுபோல இருந்தது.

"பதினெட்டரை" என்றார். கொஞ்சம் கழித்து, "மிச்சம் பதினொன்னரை" என்றார்.

பின்னால் நின்ற அம்மாள் நகரச் சொல்லி இருமினார். இருவரும் நகரவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நடந்திருப்பீங்க. முப்பதும். என் தொண்டைக்கு நீங்க என்னக் கேக்காம பேரம் பேசுனீங்க. உங்க காலுக்கு நான் பேசக் கூடாதா?"

"கொரலு போயிட்டா என்ன செய்யறது, ஐவி?" அவர் குரல்தான் அப்போது போய்விட்டிருந்தது.

"போகட்டும். மூணு மாசம் சாக்பீஸ்ல திட்டுனேனே, அது சரியா விளங்கலியா உங்களுக்கு? பொய் சொல்லி இங்க வத்தி கொளுத்த முடியல. அதான் சொல்லிட்டேன். இப்ப நகருங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க."

மெழுகுவத்தியை அவர்கள் ஏற்றிவிட்டுத்தான் வந்தார்கள். ஏற்றும்போது ஸ்டானிஸ்லாஸ் நேர்ந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஐவியின் கைக்குக் கீழே தன் கையை வைத்து, அது ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

புந்தோங்கில் இருவரும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. ஒன்றரை நாள் பேச்சுக்கு அதற்குள் கால் முளைத்திருந்தது. ஜெயபாலனுக்கு மட்டும் விஷயம் நன்றாக உறைத்தது. ஒரு மாதம் அவன் அந்த வாசல் பக்கம் மோட்டாரைக் கொண்டுவரவில்லை.

மிச்சத்தை நடந்துவிடுவது என்று 1983-இல் ஸ்டானிஸ்லாஸ் நோட்டைத் திறந்தார். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் பக்கம் பதினொன்றரைக் கட்டை, இரண்டு நாள். ஐவி நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"அத என் பேர்ல எழுதுங்க. மறைச்சவ நான். நான் நடக்குறேன்."

"நேர்ந்தவன் நான்."

"யாருக்கு நேர்ந்தீங்க? எனக்குத்தான? அப்ப என்னுது."

அடுத்த வருடம் ஜெயபாலனும் வந்து சேர்ந்தான். மீட்டர் தன்னுடையது என்பதால் பாக்கியும் தன்னுடையதுதான் என்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாக்கி 11½ கட்டை' என்பதற்கு எதிரே ஒரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது, இன்னொரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது, மூன்றாவது பென்சிலில் இருக்கிறது. பெயர் முடிவாகாமல் யாரும் கிளம்ப முடியாது. இதற்கிடையில் முட்டிகளும் சும்மா இருக்கவில்லை. இப்போது ஐவிக்கும் ஒன்று முனகுகிறது.

ஆண்டுதோறும் ஜூலையில் இருவரும் கோயில் பஸ்ஸில் போகிறார்கள். 1987-லும் போனார்கள். ஈப்போவில் பஸ் கிளம்பியதும் ஐவி பேசத் தொடங்குவார். டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசுவார். சுங்கை சிப்புட் கோப்பிக் கடை தாண்டியதும் சட்டென்று நிறுத்திவிடுவார். கோலகங்சார் வரும்வரை ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு தூரமும் ஸ்டானிஸ்லாஸ் வெளியே பார்ப்பதில்லை. அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவார். பஸ் கோலகங்சாருக்குள் திரும்பும்போதுதான் ஐவி செருமிக்கொண்டு, "தண்ணி போத்தல் எங்க வச்சீங்க?" என்பார். அவருக்கு அப்போதுதான் மூச்சு வரும்.

அந்த ஆண்டு பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"எதுக்கு இந்த எடத்துல மட்டும் வாய மூடிக்கிற? பயமா இருக்குல்ல."

ஐவி போத்தலைத் திறந்து முதலில் அவரிடம் நீட்டினார்.

"கடன் வச்சிருக்கவ கடை வாசல்ல சத்தமா பேசிக்கிட்டுப் போவாளா?"